மயில் ஆடிய குப்பம்

எங்கள் ஊரில் மயில் கிடையாது. கழிமுகத்துப் பக்கம் போனால் சேற்றில் கொக்கு நிற்கும்; மீன் இறங்குகிற இடத்தில் காக்கையும் பருந்தும் சுற்றும். 1980களில் சென்னைக்கு வடக்கே காத்திவாக்கத்தில் பள்ளிக்கூடம் போன எங்களில் மயிலை நேரில் பார்த்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் ‘ஒரு மழை நாள்’ என்று கட்டுரை எழுதச் சொன்னால் வகுப்பு மொத்தமும் மயிலை வரவழைத்துவிடும். வானில் கருமேகம் திரளும், குளிர்காற்று வீசும், மயில் தோகை விரித்தாடும், உழவர் உள்ளம் மகிழும். எல்லா நோட்டிலும் அதே வரிசை, அதே சொற்கள், சில நோட்டுகளில் அதே எழுத்துப்பிழை. கட்டுரைப் புத்தகம் வாங்க வசதி இருந்தவர்கள் அதைப் பார்த்து எழுதினார்கள். மற்றவர்கள் அவர்களைப் பார்த்து எழுதினார்கள்.

எங்கள் தமிழ் ஐயா ஒருநாள் நோட்டுக் கட்டிலிருந்து ஒன்றை உருவி உரக்க வாசித்தார். மயில் வந்த இடத்தில் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். “எந்தக் குப்பத்துல ஆடுச்சு இந்த மயிலு? நெட்டுக்குப்பத்துலயா, தாழங்குப்பத்துலயா?” என்றார். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “உங்க தெருவுல மழை பெஞ்சா என்ன நடக்கும்? அதை எழுதிக்கினு வாங்க. அரைப் பக்கம் போதும்.”

மறுநாள் வந்த அரைப் பக்கங்களில் சில இன்னும் நினைவிருக்கின்றன. முதல் மழைத் தண்ணீரைக் குடத்தில் பிடிக்கக் கூடாது, கூரையில் படிந்த அனல்மின் நிலையச் சாம்பலெல்லாம் கரைந்து கஞ்சித் தெளிவு மாதிரி வழியும், கொஞ்ச நேரம் விட்டுத்தான் குடம் வைக்க வேண்டும் என்று ஒருத்தி எழுதியிருந்தாள். கட்டுமரங்களை ரோட்டோரம் வரைக்கும் இழுத்துப் போட்டுவிட்டு ஆண்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், அன்றைக்கு அம்மாவுக்குக் கூடை தூக்கும் வேலை இல்லை, அதனால் ராத்திரிக்குக் குழம்பு இல்லை என்று ஒருவன் எழுதியிருந்தான். மழைச் சத்தத்தில் கம்பெனிச் சங்கு காதில் விழாமல் அப்பா ஷிஃப்டுக்குப் பிந்திப் போன கதையை இன்னொருவன். பாதி வாக்கியங்களுக்கு முற்றுப்புள்ளி கிடையாது. ஒற்றெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, வேண்டாத இடத்தில் இருந்தது. ஐயா ஒவ்வொன்றாக வாசித்தார். சிவப்பு மையைத் தொடவில்லை.

இத்தோடு நிறுத்தினால் அந்தக் காலத்தைப் பற்றிப் பொய் சொன்னதாகிவிடும். பொதுத்தேர்வில் மார்க் மயிலுக்குத்தான் விழுந்தது. தேர்வு நெருங்கியதும் அதே ஐயாதான் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: “பேப்பர் திருத்துறவரு எந்த ஊரோ. நம்ம தெரு அவருக்குத் தெரியாது. புக்குல இருக்கிறத எழுதிட்டு வந்துடுங்க.” அவர் சொன்னதில் தப்பில்லை. நாங்கள் தேறி வெளியே போக வேண்டும் என்ற கவலை அவருக்கு இருந்தது. ஆனால் அன்றைக்கு அவர் சொன்ன அந்த ஒரு வரியில், ‘நம்ம தெரு அவருக்குத் தெரியாது’ என்பதில், இன்றைக்கு நாம் செயற்கை நுண்ணறிவு என்று பெயர் சொல்லிப் புலம்பும் சிக்கலின் பாதி அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

அன்றைய காத்திவாக்கம் தனி நகராட்சி. 2011இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. வாத்தியார்களில் பலர் உள்ளூரிலோ, கும்மிடிப்பூண்டி லோக்கலில் இரண்டு மூன்று ஸ்டேஷன் தள்ளியோ இருந்தார்கள். எந்த வீட்டில் கரண்ட் இல்லை, யாருடைய அம்மா விடியற்காலையில் கூடையோடு கிளம்புகிறாள், எந்தப் பையன் தம்பியைத் தூங்கவைத்த பிறகுதான் புத்தகத்தைத் தொட முடியும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஒரு பிள்ளை தன்னுடையதல்லாத எழுத்தைக் கொண்டுவந்தால் இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். ஏன் கொண்டுவந்தது என்பதும் பல நேரம் தெரிந்திருக்கும். கைநீட்டி அடித்தார்கள், அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் முகம் தெரியாத ஒருவரால் பிடிபட்டோம் என்ற அவமானம் எங்களுக்கு நேர்ந்ததில்லை.

கோனார் உரையை நான் குறை சொல்ல மாட்டேன். திருச்சியில் தமிழ் கற்பித்த ஐயன்பெருமாள் கோனார் எழுதி, பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்ட அந்த உரை, எழுத்தறியாத வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு வீட்டிலேயே இருந்த ஒரே வாத்தியார். சீர் பிரித்துப் பொருள் சொல்லும், இலக்கணக் குறிப்புத் தரும், திரும்பத் திரும்பக் கேட்டாலும் கோபித்துக்கொள்ளாது. பழுது உரையில் இல்லை, கேள்வித்தாளில் இருந்தது. பாடத்தின் பின்னால் உள்ள கேள்வியே தேர்வில் வரும், கைடில் உள்ள விடைக்கே முழு மதிப்பெண் என்று ஆனபிறகு ஒரு பிள்ளை யோசிப்பதற்கு அங்கே என்ன வேலை? பக்கத்துப் பெஞ்சை எட்டிப் பார்த்தால் மால்பிராக்டிஸ். சட்டைக் கையில் மடித்து வைத்த பிட்டைப் பறக்கும் படை பிடித்துவிட்டால் அந்த வருடமே போச்சு. அதே விடையை மொட்டை மனப்பாடம் பண்ணி இறக்கிவைத்தால் பள்ளியில் முதல் இடம். இரண்டு விடைத்தாளிலும் இருந்தவை ஒரே வரிகள்தான். ஒருவன் காகிதத்தில் கொண்டுவந்தான், மற்றவன் தலையில் கொண்டுவந்தான். இந்த இரண்டாவது வகையை நாம் படிப்பு என்றே அழைத்தோம், பரிசும் கொடுத்தோம்.

பிறகு வந்த வருடங்களை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. செராக்ஸ் கடைகளில் ‘மைக்ரோ’ என்று கேட்டால் ஒரு பக்கத்தை உள்ளங்கையில் அடங்கும்படி சுருக்கிக் கொடுத்தார்கள். 2000க்குப் பிறகு பிரவுசிங் சென்டர்கள் வந்தன. பிள்ளையின் புராஜெக்ட்டை அப்பாவே போய் பிரின்ட் எடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டு வந்தார். பொறியியல் மாணவர்களுக்கென்று நகரத்தில் புராஜெக்ட் சென்டர்கள் போர்டு மாட்டி நடந்தன: தலைப்பு, புரோகிராம், அறிக்கை, வைவாவில் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில் எல்லாம் சேர்த்து ஒரே விலை. யாரும் ஒளித்துச் செய்யவில்லை. இதற்கு நடுவே, பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு பள்ளிப் பாடத்திட்டத்தைத் திருத்தியமைத்தது. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மார்க் என்று முன்கூட்டியே சொல்லிவிடும் புளூபிரின்ட்டும் போனது. அது நல்ல காரியம், அதைச் செய்தவர்களை மதிக்கிறேன். ஆனால் பழக்கம் அரசாணையில் போய்விடுவதில்லை.

வடசென்னைப் பக்கம் செயற்கை நுண்ணறிவு முதன்முதலில் வந்தது விடை எழுதிக் கொடுப்பதற்கு அல்ல. காவலுக்கு வந்தது.

கொரோனா காலத்தில் அண்ணா பல்கலைக்கழகம் 2020 நவம்பர்–டிசம்பர் பருவத் தேர்வுகளை 2021 பிப்ரவரியிலிருந்து வீட்டிலிருந்தே எழுதும் ஆன்லைன் தேர்வாக நடத்தியது. கேமராவும் மைக்கும் திறந்திருக்க வேண்டும். மாணவரின் முகத்தையும் அறையின் சத்தத்தையும் மென்பொருள் கவனித்துக்கொண்டே இருக்கும். தலை திரும்பினாலும், இன்னொரு குரல் கேட்டாலும், இன்னொரு முகம் தெரிந்தாலும் குறித்துவைத்துக்கொள்ளும்.

அந்த நாட்களில் எங்கள் தெருவில் ஒரு வீட்டை நான் பார்த்தேன். ஒரே அறை, அதில் ஐந்து பேர். பையனுக்குத் தேர்வு என்றால் அந்த ஒரு மணி நேரம் குடும்பமே வெளியே. அம்மா மிக்சி போடவில்லை. தங்கை குழாயடிக்குப் போய்விட்டாள். ஆயா வாசற்படியில் உட்கார்ந்து, வருகிறவர்களை எல்லாம் “உள்ள பரிச்ச நடக்குது, அப்பால வா” என்று கையாட்டித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். அப்படி அவள் சத்தம் போட்டதே உள்ளே மைக்கில் கேட்டிருக்கும். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்கு வரிசை கட்டிப் போகும் கன்டெய்னர் லாரிகளின் ஹாரனை யார் கையாட்டி நிறுத்துவது? பையன் இரவல் லேப்டாப்பின் முன்னால் கழுத்தை அசைக்காமல் உட்கார்ந்திருந்தான். மேலே ஃபேனை நிறுத்தியிருந்தார்கள், அதன் சத்தமும் பதிவாகிவிடுமோ என்ற பயத்தில்.

முடிவுகள் வந்தபோது மாநிலம் முழுக்க ஏராளமானவர்கள் தோற்றிருந்தார்கள். முறைகேடு செய்திருக்கலாம் என்ற சந்தேகத்தில் பலருடைய முடிவு நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. நாங்கள் காப்பி அடிக்கவில்லை, வீட்டுச் சத்தத்துக்கும் நெட்வொர்க்குக்கும் எங்களைத் தண்டிப்பதா என்று மாணவர்கள் கேட்டார்கள். 2021 மே மாதத்தில் புதிதாகப் பொறுப்பேற்ற அரசின் உயர்கல்வி அமைச்சர் க. பொன்முடி மறுதேர்வு அறிவித்தார். பிறகு புத்தகத்தைப் பார்த்தே தாளில் எழுதி, பக்கங்களைப் படமெடுத்து அனுப்பும் முறை வந்தது. அந்தக் கணினிக் காவலாளி தெரிந்து அநியாயம் செய்தது என்று நான் சொல்லவில்லை. தனி அறையும் சாத்திய கதவும் உள்ளவருடைய தலை திரும்பாது, பின்னால் குரல் கேட்காது. அதை ஒழுங்கு என்று கணக்கில் எடுத்துக்கொண்டால், குப்பத்துப் பிள்ளை பேனாவை எடுக்கும் முன்பே சந்தேகத்துக்குரியவன் ஆகிவிடுகிறான்.

அடுத்த வருடமே, 2022 நவம்பர் 30 அன்று, சாட்ஜிபிடி வெளியானது. 2023 ஜனவரியில் நியூயார்க் நகரப் பள்ளிகள் அதைத் தடை செய்தன, மே மாதமே தடையைத் திரும்பப் பெற்றன. சிபிஎஸ்இ தன் பொதுத்தேர்வு விதிகளில் தடை செய்தவற்றோடு அதன் பெயரையும் சேர்த்தது. நான் கற்பிக்கும் கல்லூரி மாணவர்களுக்கு அப்போது அது செய்தித்தாள் சமாச்சாரம்தான். 2025இல் நிலைமை மாறியது. ஜூலையில் ஏர்டெல் தன் வாடிக்கையாளர்களுக்கு பெர்ப்ளெக்சிட்டி என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலியை ஒரு வருடத்துக்கு இலவசமாகக் கொடுத்தது. அக்டோபர் கடைசியில் ஜியோ, கூகுளின் ஜெமினியைப் பதினெட்டு மாதங்களுக்குக் கொடுத்தது, முதலில் 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு. நவம்பரில் ஓப்பன்ஏஐ தன் சாட்ஜிபிடி ‘கோ’ திட்டத்தை இந்தியாவில் ஒரு வருடத்துக்கு இலவசமாக்கியது. 18 முதல் 25 வயது என்பது என் வகுப்பின் வயது. ரீசார்ஜ் செய்யக் கடைக்குப் போன பிள்ளை, கேட்காமலே கட்டுரை எழுதித் தரும் ஒருவரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தது. அதே பிள்ளைக்கு அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சி வகுப்பில் இந்தக் கருவிகளைத் தெரிந்து வைத்துக்கொள், வேலை கிடைக்கும் என்கிறோம். மறுநாள் அசைன்மென்ட்டில் அதன் வாடை அடித்தால் பூஜ்யம் போடுகிறோம்.

வாடையைக் கண்டுபிடிக்கவும் கருவி இருக்கிறது என்பார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த விதிப்படி ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் தண்டனை இல்லை, 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. அந்த விதிக்கு உதவும் மென்பொருள், ஏற்கெனவே எங்கோ இருக்கும் எழுத்தைத்தான் தேடும். கேட்கும்போதெல்லாம் புதிதாக எழுதித் தருவதை அது பிடிக்காது. அதற்கென்று வந்த வேறு கருவிகளோ நம்ப முடியாதவை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023இல் அப்படி ஒன்றை வெளியிட்டது. இயந்திரம் எழுதியதில் 26 விழுக்காட்டைத்தான் அது சரியாகப் பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 விழுக்காட்டை இயந்திரத்தின் வேலை என்றது. ஆறு மாதத்துக்குள் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதே வருடம் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாக 61 விழுக்காட்டை இயந்திரம் எழுதியது என்று அவை சொல்லின. காரணம் எளிது. இரண்டாம் மொழியில் எழுதுபவர்கள் தெரிந்த சொற்களை, தெரிந்த வாக்கிய அமைப்பில், பிழை வந்துவிடுமோ என்று பயந்து பயந்து எழுதுவார்கள். அந்த ஒழுங்கே கருவிக்குச் சந்தேகம் தருகிறது. முதல் தலைமுறையாக ஆங்கிலம் எழுதும் எங்கள் பிள்ளைகள் அனைவரும் அந்த வலைக்குள்தான் இருக்கிறார்கள்.

இது நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. ஹரியானா சோனிபத்தில் உள்ள ஓ.பி. ஜிந்தால் குளோபல் பல்கலைக்கழகத்தில் சட்ட மேற்படிப்பு மாணவர் ஒருவரின் விடைகளில் 88 விழுக்காடு செயற்கை நுண்ணறிவு எழுதியது என்று சொல்லி, அந்தத் தாளில் அவரைத் தோற்றவராக அறிவித்தார்கள். நானே எழுதியது, மேலும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியே இல்லை என்று அவர் 2024இல் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். பிறகு பல்கலைக்கழகமே அவரைத் தேர்ச்சி பெற்றவராக அறிவித்துவிட்டதால் வழக்கு முடிந்துபோனது. கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. வாதாடத் தெரிந்த, வாதாட வசதியுள்ள ஒருவர் என்பதால் அவருடைய விஷயமாவது வெளியே வந்தது.

நான் வடசென்னையில் ஒரு கலைக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். ‘என் தெரு’ என்று இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி வரச் சொன்னேன். வந்த கட்டில் பெரும்பாலானவை, வேகமாக மாறிவரும் இன்றைய உலகில் தெரு என்பது சமூகத்தின் கண்ணாடி என்று தொடங்கி, ஒற்றுமையில் முடிந்தன. கூர்மையான ஆங்கிலம். ஒரு கன்டெய்னர் லாரி இல்லை, ஒரு மீன்கூடை இல்லை. நெட்டுக்குப்பமும் விம்கோ நகரும் எர்ணாவூரும் ஒரே மரநிழலில், ஒரே சிறுவர்கள் விளையாட, ஒரே பெரியவர்கள் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கட்டில் ஒன்று மட்டும் வேறாக இருந்தது. ஆங்கிலம் அதே வழவழப்புதான், ஆனால் விஷயம் இருந்தது. 2023 டிசம்பர் 26 இரவு, உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டுப் பெரியகுப்பம் பக்கத்து மக்கள் நடுராத்திரியில் வீட்டைவிட்டு ஓடிய சம்பவம். எழுதிய பெண்ணை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துக் கேட்டேன்.

“அன்னிக்கு ராத்திரி நீ எங்கம்மா இருந்தே?”

“வூட்லதான் மேடம். தூங்கிக்கினு இருந்தோம். ஆயாதான் மொதல்ல எழுந்துச்சு. இன்னாடி நாத்தம் இது, கண்ணு எரியுதேன்னுச்சு. துண்ட நனைச்சு மூஞ்சில கட்டிக்கினு ஓடினோம். பக்கத்து வூட்டுக் கொழந்தய நான்தான் தூக்கிக்கினு ஓடினேன். செருப்புகூட போடல.”

“இதுல ஆயாவையே காணோமே?”

அவள் பையிலிருந்து ஒரு ரஃப் நோட்டை எடுத்தாள். தமிழில் மூன்று பக்கம், அடித்தும் திருத்தியும் எழுதியது. ஆயா இருந்தாள், துண்டு இருந்தது, குழந்தை அழாமல் அவள் தோளைக் கடித்தது இருந்தது. “தமிழ்ல நாந்தான் எழுதுனேன் மேடம். நல்ல இங்கிலீசா மாத்திக் குடுன்னு போன்ல போட்டேன். அது இப்படிக் குடுத்துச்சு. தப்பா மேடம்?”

ஆயா இருந்த இடத்தில், முதியோர் உள்ளிட்ட குடியிருப்பாளர்கள் மூச்சுத்திணறலுக்கு ஆளானதாக ஒரு செய்தி அறிக்கை இருந்தது. குழந்தையும் தோளும் போயிருந்தன.

தப்பா என்று அவள் கேட்டது எனக்குப் பெரிய கேள்வி. எந்த விதிப் புத்தகத்தைத் திறந்தாலும் அவள் குற்றவாளி. கண்டுபிடிக்கும் கருவியில் போட்டால் நூற்றுக்கு நூறு காட்டும். ஆனால் அவள் யாரிடமிருந்தும் எதையும் எடுக்கவில்லை. தன்னிடம் இருந்ததைத்தான் இழந்திருந்தாள். மற்ற கட்டுரைகளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் காகிதத்தில் தெரியாது, பெஞ்சில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். நோட்டில் உள்ளதற்கு மார்க் போட்டேன். ஆயாவை விடாமல் நீயே ஆங்கிலத்தில் எழுதி வா, தெரியாத சொல்லுக்கு மட்டும் போனைக் கேள் என்றேன். ஒரு வாரம் கழித்து ஒன்றரைப் பக்கம் கொண்டுவந்தாள். இறந்தகாலமும் நிகழ்காலமும் கலந்து கிடந்தன. அந்தப் பக்கத்தை வைத்தே அவளுக்கு இறந்தகால வினைகளைச் சொல்லிக்கொடுத்தேன். இலக்கணப் புத்தகத்து உதாரணங்களை வைத்து ஒரு பருவம் முழுக்கச் சொல்லியும் ஏறாதது அன்றைக்கு ஏறியது.

சக ஆசிரியர்கள் சிலர், எல்லாவற்றையும் வகுப்பிலேயே கையால் எழுதவைத்துவிட்டால் தீர்ந்தது என்கிறார்கள். பாதி சரி. நானும் எழுதவைக்கிறேன். ஆனால் முன்கூட்டித் தலைப்பைச் சொன்னால், வீட்டில் போன் எழுதிக் கொடுத்ததை மொட்டை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்து அழகான கையெழுத்தில் இறக்கிவைக்கிறார்கள். கைடு இருந்த இடத்தில் போன் உட்கார்ந்துவிட்டது, மற்றபடி 1980களிலேயே இருக்கிறோம். தெரியாத ஒருவர் திருத்தப்போகிற தாளுக்குத் தெரியாத ஒருவரின் வாக்கியங்களே பாதுகாப்பு என்று எங்கள் ஐயா அன்று சொன்னதைத்தான் இவர்களும் செய்கிறார்கள். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்ட ஆவணங்களை நினைத்துப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 353 ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரம் வேலை பார்ப்பதாகக் காட்டப்பட்டிருந்தது. ஒரே பெயர் பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் இருந்தது. அங்கீகாரம் வாங்குவதற்காகக் காகிதத்தில் மட்டும் இருந்த ஆசிரியர்கள். கேமராவுக்கு முன்னால் தலை திரும்பிய பிள்ளையைச் சந்தேகித்த அமைப்பில், வகுப்பறைக்குள் ஆசிரியரே இல்லாதது வருடக்கணக்கில் கண்ணில் படவில்லை. பிள்ளையின் எழுத்து அதனுடையதுதானா என்று யார் சொல்வது? அதன் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும், போன மாதம் அது எப்படி எழுதியது என்று தெரிந்திருக்க வேண்டும். அறுபதுக்கு மேல் பிள்ளைகள் உள்ள வகுப்பில், கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு ஒப்பேற்றும் துறையில், ஒருவருக்குப் பத்து நிமிடம் என்று உட்கார்ந்து பேச எந்த நேர அட்டவணையில் இடம் இருக்கிறது? கண்டுபிடிக்கும் மென்பொருளுக்குச் சந்தா கட்டப் பணம் இருக்கிறது. அந்தப் பணத்துக்கு எத்தனை மணி நேரம் ஒரு ஆசிரியரைப் பிள்ளைகளோடு உட்காரவைக்கலாம் என்று கணக்குப் போடச் சொல்கிறேன். துறைக் கூட்டத்தில் கேட்டாயிற்று, எழுதியும் கொடுத்தாயிற்று. விடமாட்டேன்.

இப்போது அசைன்மென்ட் எதுவானாலும் என் வகுப்பில் பேச்சு உண்டு. எழுதியதை மூடிவைத்துவிட்டு எனக்குச் சொல்ல வேண்டும், தமிழில் சொன்னாலும் சரி. இதற்கு நாள் பிடிக்கிறது, பாடம் பின்தங்குகிறது. ஆனாலும் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. வாரத்தில் ஒரு வகுப்பில் போனை வெளியே எடுக்கச் சொல்கிறேன். காத்திவாக்கத்தைப் பற்றிக் கேளுங்கள், வருவதைத் திருத்துங்கள், சிவப்புப் பேனா உங்கள் கையில்.

முதல் நாளே பலகை நிறைந்துவிட்டது. காத்திவாக்கம் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு நகராட்சி என்று ஒரு போன் சொன்னது; எந்தக் காலத்துக் கதை என்று அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பாய்ந்தார்கள். எண்ணூர் அனல்மின் நிலையம் 450 மெகாவாட் உற்பத்தி செய்து வருகிறது என்றது இன்னொன்று. அங்கே ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவரின் மகள் எழுந்து, 1970இல் ஓட ஆரம்பித்தது 2017 மார்ச்சோடு நின்றுவிட்டது, அப்பா அதற்குப் பிறகு அத்திப்பட்டுப் பக்கம் வேலைக்குப் போனார் என்றாள். கழிமுகத்தில் இறால் எப்போது படும் என்ற கேள்விக்கு, வருடம் முழுக்க என்று பதில் வந்தது. தாழங்குப்பத்துப் பையன் ஒத்துக்கொள்ளவில்லை: மழைத் தண்ணி இறங்கி முகத்துவாரம் திறந்த பிறகுதான். முகத்துவாரக்குப்பத்துப் பெண் அவனோடு சண்டைக்கு நின்றாள். எனக்குத் தெரியாத விஷயம். வீட்டில் கேட்டு வாருங்கள் என்றேன்.

மறுநாள் இருவரும் கேட்டுக்கொண்டு வந்தார்கள். பையனின் அப்பா, முன்பு ஒரு கணக்கு இருந்தது, ஆற்றில் சாம்பல் இறங்கிய பிறகு அந்தக் கணக்கு இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார். பெண்ணின் பெரியம்மா மூன்று வகை இறாலுக்கு மூன்று காலம் சொல்லியிருந்தார். எல்லாவற்றையும் பெயர் போட்டுப் பலகையில் எழுதினோம், யார் சொன்னது, எப்போது சொன்னது என்று. போன் சொன்னதையும் பக்கத்தில் எழுதினோம். ஒருநாள் எல்லோரையும் முகத்துவாரத்துக்குக் கூட்டிக்கொண்டு வரச் சொல், காட்டுகிறேன் என்றாராம் அந்த அப்பா. அடுத்த மாதம் போகிறோம். அனுமதி கேட்டுக் கல்லூரி முதல்வருக்குக் கடிதம் எழுத இரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள். “கையால எழுதணுமா, போன்ல போட்டு எடுக்கலாமா மேடம்?” என்று கேட்டார்கள். “எதுக்குப் போறோம், யாரு வரச்சொன்னாங்க, எத்தனை பேரு, எத்தனை மணிக்குத் திரும்புவோம்னு உங்களுக்குத் தெரியும்ல? எப்படி வேணா எழுதுங்க. எங்கிட்ட ஒரு தடவை வாயால சொல்லிட்டுக் கொண்டுபோய்க் குடுங்க” என்றேன்.